கீரைச் சாறாகும் கொல்லைக் குளம்

குளம் என்றதும் தெப்பக்குளம் அளவுக்கு எதையோ கற்பனை செய்துகொள்ளாதீர்கள். எங்கள் வீட்டுக் கொல்லையில், கிணற்றடிக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே 8 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி ஆழத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. ஏறக்குறைய 2,260 லிட்டர் பிடிக்கும். அதில் இரண்டு அல்லிக்கொடிகள், பத்துப் பன்னிரண்டு கப்பி மீன்கள். எங்களுக்கு அதுதான் குளம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால், சித்திரை பிறந்ததும் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நேற்று வரை தரை தெரிந்த தண்ணீர் ஒரே வாரத்தில் கீரைச் சாறு மாதிரி ஆகிவிடும். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வைத்தியம்தான் சொல்வார்கள்: "இறைச்சுக் கொட்டிட்டுப் புதுத் தண்ணி விடுங்க, சார்!"

விடாதீர்கள். அந்தப் பச்சை அழுக்கு அல்ல. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான பாசி உயிர்கள். வெயிலும் சத்தும் கிடைத்தால் பெருகும். நம் கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் கலந்திருப்பது சகஜம். ஆகவே புதுத் தண்ணீர் விடுவது பாசிக்குப் புது விருந்து வைப்பதுதான். மீன் கழிவின் நஞ்சை முறிக்கும் நல்ல கிருமிகள் தொட்டிச் சுவரில் குடியிருக்கின்றன. தேய்த்துக் கழுவினால் அவையும் போய்விடும். குறுந்தொகையில் ஒரு பெண் தன் பசலைக்குக் கிணற்றுப் பாசியை உவமை சொல்கிறாள்: தொட்டால் விலகும், கையை எடுத்தால் திரும்பவும் மூடிக்கொள்ளும். பாசியின் குணம் சங்க காலத்திலேயே நம்மவர்க்குத் தெரிந்திருக்கிறது!

இரண்டாவது வைத்தியம் மயில்துத்தம். மிகச் சிறிய அளவு மயில்துத்தம் நீர்த்தேக்கங்களில் பாசியைக் கொல்லும் என்று 1904-ஆம் வருஷம் அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த மூர், கெல்லர்மன் என்ற இருவர் எழுதினார்கள். வாஸ்தவம்தான். ஆனால் அது மீனுக்கும் விஷம். எந்த அளவில் விஷம் என்பது தண்ணீருக்குத் தண்ணீர் மாறும், கைக்கணக்கு உதவாது. எங்கள் தெரு நண்பர் ஒருவர் ஒரு சாயங்காலம் ஒரு பிடி போட்டார். மறுநாள் காலையில் மீன்கள் அத்தனையும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்த அவருடைய சின்னப் பெண் அன்று பள்ளிக்கூடம் போகவில்லை.

விஷம் ஒரு பக்கம் இருக்கட்டும். பாசி மொத்தமாகச் செத்து அழுகினால் தண்ணீரிலுள்ள பிராணவாயு தீர்ந்துபோகும். உயிரோடு இருக்கும் பாசியும் இரவில் பிராணவாயுவைச் செலவழிக்குமே தவிர உண்டாக்காது. அதனால் விடியற்காலையில்தான் மீனுக்குக் கண்டம். அந்நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள். மீன் போனால் நஷ்டம் மீனோடு நிற்காது. கொசுப் புழுவைத் தின்ன ஆள் இல்லாமற்போகும்; டெங்குக் கொசுவுக்குத் தெளிந்த தேங்குநீர் என்றால் கொண்டாட்டம்.

பின்னே என்னதான் செய்வது? வெயிலையும் தீனியையும் குறையுங்கள். நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் அல்லி இலை மூடட்டும். கொடி வைத்த சட்டியில் சாணி எருவைக் கொட்டாதீர்கள்; மண்ணின் மேல் இரண்டு அங்குலம் மணல் பரப்புங்கள். நீருக்குள் வேலம்பாசி வளருங்கள். பெயரில்தான் பாசி, உண்மையில் அது செடி. பச்சைத் தண்ணீருக்குப் போகிற சத்தை அது பங்கு கேட்கும். மீனுக்குத் தினம் ஒரு வேளை, இரண்டு மூன்று நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவு போதும். விருந்தாளிகள் அப்பளத்தைப் பிய்த்துப் போடுவதைத் தடுப்பதுதான் கஷ்டம்! உதிர்ந்த முருங்கை இலையை அன்றன்றே அரித்துவிடுங்கள். மழையில் தோட்டத்து எரு அடித்து வராதபடி கரையை ஒரு சாண் உயர்த்துங்கள்.

நூல் நூலாகப் படரும் பாசியைக் குச்சியில் சுற்றி இழுத்து எருக்குழியில் போடலாம். கடைகளில் புறஊதா விளக்குக் கருவி விற்கிறார்கள். தண்ணீர் தெளியும், ஆனால் சத்து உள்ளேயே இருப்பதால் நூல்பாசிக்கு அது ஒன்றும் செய்யாது.

சீக்கிரம் நிழல் வேண்டுமென்று சிலர் வெங்காயத்தாமரை விடுகிறார்கள். மளமளவென்று மூடும், சத்தையும் உறிஞ்சும். அதிகமானதை அள்ளி எருக்குழியில் போடுங்கள். ஒரு செடியைக்கூட வாய்க்காலிலோ ஏரியிலோ எறிந்துவிடாதீர்கள்.