கண்ணின்கண் நில்லா மருந்து

ஏழாம் வேற்றுமையின் உருபு யாது என்று வகுப்பில் வினவினால், மாணவர் தயங்காமல் 'கண்' என்பர். இடப்பொருள் உணர்த்தும் உருபுக்கும் பார்வைப் பொறிக்கும் தமிழில் ஒரே வடிவம் அமைந்திருப்பதை எண்ணி நான் பலமுறை மகிழ்ந்ததுண்டு. ஆனால் கண்ணில் இடும் மருந்து கண்ணின்கண் மட்டுமே தங்கிவிடுவதில்லை. தமிழ்த்துறை மலரில் மருந்துப் பேச்சு எதற்கு என்பார் சற்றுப் பொறுத்தருள்க.

அழும்போது மூக்கும் ஒழுகுவதை யாவரும் அறிவோம். மூக்கை ஒட்டிய இமையோரத்தில் உள்ள நுண்துளைகள் வழியே கண்ணீர் மூக்கினுள் வடிகின்றது. சொட்டு மருந்தும் அவ்வழியே சென்று, மூக்கின் உட்படலத்தால் உறிஞ்சப்பெற்றுக் குருதியில் கலக்கின்றது. வாய்வழி உண்ணும் மருந்து கல்லீரலைக் கடந்து, வீறு குறைந்த பின்னரே உடலெங்கும் பரவும். கண் மருந்துக்கோ அத்தடை இல்லை. ஆகவே துளி சிறிதெனினும் அதன் விளைவு சிறிதன்று.

இதனை எங்கள் இல்லம் அறிந்த விதம் வேறு. என் அத்தா அவர்களுக்கு இளைப்பு நோய் நெடுநாளாக உண்டு. முதுமையில் கண்ணழுத்த நோயும் சேரவே, டிமோலால் என்னும் சொட்டு மருந்து எழுதித் தரப்பெற்றது. சில நாட்களில் மூச்சுத் திணறல் மிகுந்தது. நெஞ்சக மருத்துவர், "வேறு என்ன மருந்து எடுத்துக்கொள்கிறீர்கள்?" என்று வினவியபோது, "ஒன்றுமில்லை" என்றார்கள் அத்தா. அவர்கள் பொய் உரைக்கவில்லை. கண்ணில் விடுவதை அவர்கள் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. உம்மா அவர்கள்தாம் சேலை முந்தியில் முடிந்துவைத்திருந்த அச்சிறு குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். மருத்துவர் பெயரைப் படித்ததும் முகம் மாறினார். டிமோலால் மூச்சுக்குழலைச் சுருக்கவும் நாடித்துடிப்பைத் தணிக்கவும் வல்லது. இளைப்பு நோயாளருக்கு ஆகாதது. கண் மருத்துவர் அதனை நிறுத்தி, இரவில் ஒருமுறை மட்டும் இடும் லாட்டனோபிராஸ்ட் மருந்துக்கு மாற்றினார். அதற்கும் பக்கவிளைவுகள் உண்டு: கண் சிவக்கும், இமைமயிர் நீளும், சிலருக்குக் கருவிழியின் நிறம் கருக்கும். அத்தாவின் இமைகளைக் கண்டு பேத்திகள் பொறாமை கொண்டது தனிக்கதை.

மாணவச் செல்வங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். விடுதியில் ஒருவருக்குக் கண் சிவந்தால், நண்பன் பழைய குப்பியை எடுத்து நீட்டுவது வழக்கமாகிவிட்டது. அதில் ஸ்டீராய்டு இருப்பின் சிவப்பு விரைந்து மறையும். அவ்விரைவே அதன் ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையின்றி வாரக்கணக்கில் இட்டால், வலி எதுவுமின்றிக் கண்ணழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு நலியும். இளமையிலேயே கண்புரையும் தோன்றலாம். வயலில் நெல்லுமியோ இலையோ பட்டுப் பூஞ்சைப் புண் உண்டான கண்ணில் அதனை இடுவது எரியும் வீட்டில் எண்ணெய் வார்ப்பதாகும். மருந்துச் சீட்டு ஒருவருக்கு, ஒரு நோய்க்கு, ஒரு காலத்துக்கு எழுதப்படுவது. அது குடும்பச் சொத்தன்று.

இடும் முறையும் எளிதே. கை கழுவி, கீழிமையைச் சற்று இழுத்து, குப்பியின் முனை கண்ணிலோ இமையிலோ படாமல் ஒரே துளி விடுதல் போதும். கண் அதற்குமேல் கொள்ளாது, மிகுதி கன்னத்தில் வழியும். பின்னர்க் கண்ணை மெல்ல மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளவேண்டும். குருதிக்குச் செல்லும் அளவு இதனால் பெரிதும் குறையும். இரண்டாவது மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி தேவை. குப்பியைத் திறந்த நாளை அதன்மேல் எழுதிவைத்தல் நன்று. பெரும்பாலான மருந்துகளைத் திறந்த நான்கு வாரத்தில் அகற்றிவிடவேண்டும். லாட்டனோபிராஸ்ட்டுக்கு ஆறு வாரம்.

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். ரமளான் மாதத்தில் நோன்பு முறிந்துவிடுமோ என்று அஞ்சிக் கண்ணழுத்த மருந்தைப் பகலில் நிறுத்திவிடுவோர் நம்மிடையே உளர். தொண்டையில் கசப்புத் தட்டுவதே அவர்தம் ஐயத்துக்குக் காரணம். கண்ணில் மருந்திடுவதால் நோன்பு முறிவதில்லை என்பதே ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகள் இரண்டின் நிலை. 1997-இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும், தொண்டைக்கு வருவதை விழுங்காதவரையில் நோன்பு முறியாது என்றே முடிவு கூறியது. முன்னர்ச் சொன்ன விரலழுத்தம் அக்கசப்பையும் குறைத்துவிடும். இவ்வளவுக்குப் பின்னரும் மனம் ஒப்பாதவர்கள் தாமே நிறுத்திவிடாமல், ஸஹர் வேளைக்கும் நோன்பு துறந்த பின்னைக்கும் மருந்தை மாற்றி அமைக்க இயலுமா என்று ரமளானுக்கு முன்பே கண் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாம். விடுபட்ட நோன்பைப் பின்னொரு நாளில் களாச் செய்ய வழியுண்டு. கண்ணழுத்தத்தால் இழந்த பார்வையை மீட்க இன்றைய மருத்துவத்தில் வழியில்லை.