மூன்று பேர் வந்தால் ஆட்டம் உண்டு

ஆடி மாதம் எங்கள் ஆட்டத்துக்கு நல்ல காலம். முகூர்த்தம் கிடையாது, யாரும் மண்டபத்துக்கு ஓட வேண்டியதில்லை. சனிக்கிழமை மாலை ஆறு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். ஆவணி பிறந்ததும் நிலைமை மாறும். மதியத்திலிருந்தே வாட்ஸ்அப் குழுவில் செய்தி வர ஆரம்பிக்கும். "மச்சான், சித்தி பொண்ணுக்கு நிச்சயம், நான் இல்லடா." "பாப்பாவுக்குக் காய்ச்சல்ணா, அடுத்த வாரம் வர்றேன்." "நைட் ஷிப்ட் போட்டுட்டாங்க." இவற்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை, ஒன்றுகூடத் தப்பும் இல்லை. முப்பதைத் தாண்டியவர்களின் வாழ்க்கை அப்படித்தான் இருக்கும். ஆனால் போன வாரம் குகை வாசலில் ஆறு வீரர்களைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தால், அதில் இன்றைக்கு உள்ளே நுழைவது யார்?

டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆடிப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஓர் உலகத்தைக் கற்பனை செய்து வைத்திருப்பார். அவரை டிஎம், அதாவது டன்ஜன் மாஸ்டர் என்போம். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராக அந்த உலகத்துக்குள் நடமாடுவார்கள். "கதவைத் தள்ளிப் பார்க்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை டிஎம் சொல்வார். நடக்குமா நடக்காதா என்று தெரியாத இடத்தில் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். இதில் யாரும் ஜெயிப்பதில்லை, தோற்பதில்லை. கதை மாதக்கணக்கில், சில மேசைகளில் ஆண்டுக்கணக்கில் வளர்ந்துகொண்டே போகும். அந்த நெடுங்கதைக்குக் கேம்பெய்ன் என்று பெயர். விட்ட இடத்திலிருந்து தொடர்வதில்தான் இதன் சுகமே இருக்கிறது. ஆள் வராதபோது அடிபடுவதும் அதுதான்.

எல்லோரும் வரும் நாளில் ஆடிக்கொள்ளலாம் என்பது பலர் சொல்லும் வழி. அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு வாரம் தள்ளிப்போட்டால் அடுத்த வாரமும் தள்ளிப்போடுவது சுலபமாகிவிடும். எனக்குத் தெரிந்து பாதியில் நின்றுபோன கேம்பெய்ன்கள் அநேகமாக இப்படித்தான் நின்றன. யாருக்கும் ஆசை விட்டுப்போகவில்லை, எல்லோருக்கும் ஒத்துவரும் நாள்தான் அமையவில்லை. ஆகவே எங்கள் மேசையில் ஒரே ஒரு சட்டம்: மூன்று பேர் வந்தால் ஆட்டம் உண்டு.

இந்த ஆட்டம் பிறந்தபோதே இப்படித்தான் இருந்தது என்பது எனக்குப் பெரிய தெம்பு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல் வெளியிட்ட முதல் விதிப் புத்தகம், ஒரு கேம்பெய்னில் 4 முதல் 50 பேர் வரை ஆடலாம் என்கிறது. 50 பேர் ஒரே மேசையில் ஒரே இரவில் உட்கார முடியாது. ஒரே உலகத்துக்குள் பலர் வந்துபோவார்கள், இன்று நான்கு பேர், நாளை வேறு ஐந்து பேர் என்பதுதான் அதற்கு அர்த்தம். விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் கைகாக்ஸ் நடத்திய கிரேஹாக் என்ற கற்பனைக் கோட்டையில் அன்றைக்கு வந்தவர்கள் நிலவறைக்குள் இறங்குவார்கள், கிடைத்த புதையலோடு மேலே ஏறி வருவார்கள். வராதவர்களுக்காக எந்தக் கதையும் அந்தரத்தில் நிற்கவில்லை.

பிறகு போக்கு மாறியது. 1984-ல் இந்த ஆட்டத்துக்கான டிராகன்லான்ஸ் சாகச வரிசை வந்தது. பெயரும் பின்கதையும் உள்ள நாயகர்கள், நாவல் போல ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் பெரும் நிகழ்ச்சிகள். அந்தக் கதைகளை நான் மனதார நேசிக்கிறேன். ஆனால் நாயகனின் வீட்டில் விசேஷம் என்றால் நாவலின் அந்த அத்தியாயத்தை என்ன செய்வது? இந்த ஆட்டத்தை ஆடிக் காட்டும் கிரிட்டிக்கல் ரோல் நிகழ்ச்சியை 2015 முதல் பார்த்து இதற்குள் வந்தவர்கள் நிறைய. அதில் ஆடுபவர்கள் பெரும்பாலும் தொழில்முறைக் குரல் நடிகர்கள். நம் மேசையும் அப்படியே இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

பழைய வழியை இந்தக் காலத்துக்குத் தெளிவாக மீட்டுக் கொடுத்தவர் பென் ராபின்ஸ். வெஸ்ட் மார்ச்சஸ் என்ற தன் கேம்பெய்னைப் பற்றி 2007-ல் எழுதினார். அதில் நிலையான நாளோ நிலையான குழுவோ கிடையாது, முன்கூட்டியே தீட்டிய கதையும் கிடையாது. யார் போவது, எங்கே போவது, எப்போது போவது எல்லாவற்றையும் ஆடுபவர்களே பேசி முடிவுசெய்து டிஎம்முக்குச் சொல்ல வேண்டும். கிழக்கே பத்திரமான ஊர். மேற்கே காடு, தள்ளிப் போகப் போக ஆபத்து கூடும். ஊருக்குள் சாகசம் நடக்காது.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அன்றைய ஆட்டம் ஊரில் தொடங்கி ஊரிலேயே முடிய வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயம்தான், ஆனால் ஆட்டத்தின் குணத்தையே அது மாற்றிவிட்டது. ஒன்பது மணி வாக்கில் கேட்பேன்: "திரும்பலாமா, இன்னொரு அறையைப் பார்த்துவிடலாமா?" உடனே மேசை சூடாகிவிடும். தீப்பந்தம் எத்தனை மிச்சம்? காயம்பட்டவனைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்க முடியுமா? திரும்பும் வழியும் ஆபத்துதான். எல்லோரும் ஊர் வந்து சேர்ந்துவிட்டால் அடுத்த வாரம் யார் வந்தாலும் புறப்படலாம்.

அடிக்கடி வராதவர் பலத்தில் பின்தங்கிவிடமாட்டாரா என்று கேட்பார்கள். 1974 விதிகளின் கணக்கு இதற்கு அழகாகப் பதில் சொல்கிறது. சாகசங்களில் சேரும் அனுபவப் புள்ளிக்கு ஏற்ப நிலை உயரும், நிலை உயர்ந்தால் பலம் கூடும். அந்த விதிகளில் போர்வீரன் இரண்டாம் நிலைக்கு ஏற 2,000 அனுபவப் புள்ளி வேண்டும். பிறகு 4,000, 8,000, 16,000, 32,000 என்று இரட்டித்துக்கொண்டே போகும். ஐந்தாம் நிலையில் 16,000 புள்ளியோடு இருப்பவன் ஆறாம் நிலையை எட்ட இன்னும் 16,000 சேர்க்க வேண்டும். அவனோடு புதிதாகச் சேர்ந்தவன் உயிர் பிழைத்து அதே 16,000 புள்ளியைச் சேர்த்தால் ஐந்தாம் நிலைக்கு வந்துவிடுவான், அதாவது ஒரே ஒரு படி பின்னால். வந்தவருக்குத்தான் பலன் என்ற நியாயம் கெடவில்லை, வராதவருக்கு வாசலும் அடைபடவில்லை. இன்றைய விதிகளில் இந்த இரட்டிப்பு இல்லாததால் எல்லோரையும் ஒரே நிலையில் வைத்துக்கொள்கிறேன். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவருக்குப் புள்ளியைக் குறைக்க எனக்கு மனம் வராது.

வராதவரின் கேரக்டரை இன்னொருவர் ஆடுவது சில மேசைகளில் வழக்கம். நான் அனுமதிப்பதில்லை. ஒருவர் ஆசை ஆசையாக உருவாக்கிய ஆளுக்கு அவர் இல்லாத நேரத்தில் வேறொருவர் வாய் கொடுப்பது சரியாகப் படவில்லை. அந்தக் கேரக்டர் ஊரில் இருக்கட்டும், சாகவும் கூடாது. ஏன் ஊரில் தங்கினார் என்பதற்கு ஒரு வரிக் காரணத்தை மட்டும் உரியவர் அனுப்பிவிட வேண்டும். எங்களில் ஒருத்தி நர்ஸ், அவளுடைய டூட்டி வாரத்துக்கு வாரம் மாறும். அவளுடைய கேரக்டர் காயம் ஆற்றும் பூசாரி. வராத வாரங்களிலெல்லாம் "வைத்தியசாலைக்குக் கூரை வேய்கிறேன்", "மூலிகைத் தோட்டம் போடுகிறேன்" என்று எழுதி அனுப்பினாள். மெல்ல மெல்ல அந்த வைத்தியசாலைதான் ஊரின் மையமாக ஆனது. அடிபட்டுத் திரும்புகிறவர்கள் முதலில் அங்கேதான் போகிறார்கள். ஊர்த்தலைவரைவிட அவள் பேச்சுக்குத்தான் மதிப்பு.

போன வாரம் நடந்ததைத் திரும்பச் சொல்வது டிஎம்மின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. திரௌபதி அம்மன் கோயில் பாரதத்துக்கு இடையில் ஒருநாள் போய் உட்கார்ந்தாலும் நமக்குக் கதை தெரியும். இங்கே அப்படியில்லை, போன வாரம் இருந்தவர் சொன்னால்தான் உண்டு. அவர் சொல்லும்போது ஓநாய் கொஞ்சம் பெரிதாகும், பயந்து ஓடியது உபாயமாக மாறும். சார்ட் பேப்பரில் அவர்கள் வரையும் வரைபடத்தில் ஆறு தப்பான பக்கம் ஓடினாலும் திருத்தமாட்டேன். அதை நம்பிப் புறப்படுகிறவர்கள் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

டிஎம்மால் வர முடியாமல் போனால்? இதற்கும் முன்னோர் வழி வைத்திருக்கிறார்கள். கிரேஹாக்கில் ஆட வந்த ராப் குன்ட்ஸ் பிறகு கைகாக்ஸோடு சேர்ந்து அந்த உலகத்தையே நடத்தினார். அதனால் கைகாக்ஸாலும் மோர்டன்கைனன் என்ற மந்திரவாதியாக ஆடிப் பார்க்க முடிந்தது. எங்கள் குழுவின் இளையவன் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அண்ணா, மலைக்கு அந்தப் பக்கத்தை நான் எடுத்துக்கட்டுமா?" மலைக்கு வடக்கே உள்ள பகுதி முழுவதையும் அவனுக்கே கொடுத்துவிட்டேன். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்ல மறுக்கிறான். ஒரு வில்லாளியை எழுதி வைத்திருக்கிறேன். வைத்தியசாலையில் மருந்து வாங்கிக்கொண்டு வருகிற சனிக்கிழமை புறப்படுகிறேன், இன்னும் இரண்டு பேர் கிடைத்தால் போதும்.