பெருக்காதீங்க பாஸ், முதல்ல கழிங்க!

"ஜெர்மனியில ஸ்டார்ட்டிங்கே அம்பதாயிரம் யூரோ. ஒரு யூரோ நூறு ரூபாய்னு வெச்சாலும் அம்பது லட்சம்டா மச்சி!" இந்த டயலாக்கைக் கேட்காத இன்ஜினீயரிங் ஹாஸ்டல் நம்ம தமிழ்நாட்டுல இருக்கவே முடியாது. சொல்றவன் வாயையே பார்த்துக்கிட்டு நாமளும் மெஸ் உப்புமாவை ருசி தெரியாம முழுங்கிடுவோம்.

நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். போன மாசம் ஒரு நோட்டு வாங்கி, பெருக்கலை மூட்டை கட்டிட்டு கழித்தல் கணக்குப் போட ஆரம்பிச்சேன். காரணம் இருக்கு. எஜுகேஷன் லோன் ஏழரை லட்சத்தைத் தாண்டினா பேங்க்ல பொதுவா அடமானம் கேட்பாங்க. எங்ககிட்ட இருக்கிற ஒரே அடமானம், கரூர்ல அப்பா கொஞ்சம் கொஞ்சமா கட்டி முடிச்ச வீடு.

சரி, கணக்குக்கு வருவோம். அந்த அம்பதாயிரத்துல பென்ஷன், ஹெல்த் இன்ஷூரன்ஸ், வருமான வரின்னு எல்லாம் பிடிச்சது போக, கல்யாணம் ஆகாத தனிக்கட்டை கைக்கு மாசம் சுமார் 2,700 யூரோ வரும். வாடகை ஊருக்கு ஊர் மாறும். மியூனிக்ல ஒத்தை ரூமுக்குக் கேட்கிற காசுக்கு, கிழக்கே கெம்னிட்ஸ்ல குடும்பமே குடியிருக்கலாம். அதுலயும் 'கோல்டு' வாடகை, 'வார்ம்' வாடகைன்னு ரெண்டு இருக்கு. வெறும் வீட்டுக்கு கோல்டு; ஹீட்டர், தண்ணி, குப்பை எல்லாம் சேர்ந்தா வார்ம். விளம்பரத்துல கோல்டைப் பார்த்து துள்ளிடாதீங்க!

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் பாலும் சலூனும்தான். அங்கே ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய ஒரு யூரோ. நம்ம ஊரைவிட ரெண்டு மடங்கு, அவ்ளோதான். ஆனா முடி வெட்டப் போனா நம்ம ஊர் ரேட்டைவிட பத்து மடங்குக்கு மேல! ஏன்னா அங்கே சட்டப்படி குறைஞ்சபட்ச கூலியே 2026 ஜனவரியில இருந்து மணிக்கு 13.90 யூரோ. அதனால மெஷின்ல தயாராகிறது ஓரளவு சீப், மனுஷன் கை பட்டது எல்லாமே காஸ்ட்லி. சமைக்கத் தெரிஞ்சவன் பிழைச்சுப்பான். டெலிவரி ஆப்பே கதின்னு இருக்கிறவன் காலி. 'லிவிங் காஸ்ட்'னு ஒரே ஒரு நம்பரை யாராவது சொன்னா, அது யாரோட லிவிங்னு கேளுங்க.

மாசச் செலவு 1,500னு வெச்சுக்குவோம். மீதி 1,200. இதை மட்டும்தான் நூறால பெருக்கணும். யூரோவுல சம்பாதிச்சு யூரோவுலயே செலவு பண்ற காசுக்கு ரூபாய் மதிப்பு எதுக்கு? ஆக, மாசம் மிஞ்சுறது 1,20,000 ரூபாய். அம்பது லட்சம் பதினாலு லட்சமா இளைச்சுப் போச்சு!

இங்கே கேம்பஸ்ல மூன்றரை லட்சம் பேக்கேஜ் கிடைச்சா, கைக்கு மாசம் 26,000 மாதிரி வரும். ஓ.எம்.ஆர்.ல பி.ஜி., சாப்பாடு, பஸ் போக பத்தாயிரம் மிஞ்சினா அவன் சமர்த்து. அப்போ இளைச்சுப் போன ஜெர்மனிகூட ஜெயிக்குதே? ஜெயிக்குது பாஸ். ஆனா வேலை கிடைச்சாதான்!

அங்கே பெரும்பாலான அரசு யூனிவர்சிட்டிகள்ல ஃபீஸ் இல்லை (பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்துல நம்மை மாதிரி ஆட்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ). ஆனா விசா கேட்கும்போதே ஒரு வருஷச் செலவுக்கு 11,904 யூரோ அக்கவுன்ட்ல போட்டுக் காட்டணும். அதை மாசம் 992 வீதம் நமக்கே திருப்பித் தருவாங்க. ரெண்டு வருஷத்துக்கு இருபது லட்சம் லோன், 11 சதவிகிதம் வட்டி, பத்து வருஷம்னு போட்டா மாசத் தவணை 27,500. மேலே போய் சென்னை சம்பளத்தை இன்னொரு தடவை பாருங்க. வெறுங்கையோட திரும்பி வந்தா, முழுச் சம்பளத்தைக் கொடுத்தாலும் தவணைக்குப் பத்தாது.

அதனால சம்பளத்துக்கு முன்னாடி நான் பார்க்கிறது, ஒரு நாடு வேலை தேட எத்தனை நாள் விடுதுன்னுதான். ஜெர்மனியில படிப்பு முடிஞ்சு 18 மாசம். அமெரிக்காவுல நம்ம மாதிரி படிப்புக்கு மூணு வருஷம் வரை வேலை பார்க்கலாம். அப்புறம் ஹெச்-1பி, வருஷத்துக்கு 85,000 இடம், அதுக்கும் குலுக்கல். படிப்புச் செலவைக் கேட்டாலே நம்ம நோட்டு மூடிக்கும்.

துபாய் வேற கதை. சம்பளத்துக்கு வரி கிடையாது. திர்ஹாமை டாலரோட கட்டிப் போட்டிருக்கிறதால, ரூபாய் விழும்போதெல்லாம் எங்க சித்தப்பாவுக்கு இன்க்ரிமென்ட்! ஆனா இத்தனை வருஷமா மனுஷன் படுக்கிறது 'பெட் ஸ்பேஸ்'லதான். ஒரே ரூம், ஆறு கட்டில். "மிச்சம் பிடிக்கிறேன்னு நினைக்கிறியா? நான் வாழாம விட்டதுதான்டா அந்த மிச்சம்"னு ஒரு தடவை போன்ல சொன்னார். அதுக்கு என் நோட்டுல காலம் இல்லை.

மெக்கானிக்கல்காரனுக்கு ஜெர்மன் பேச வராம அங்கே வேலை கஷ்டம்னு சீனியர் அண்ணன்கள் எல்லாருமே சொல்றாங்க. இப்போ ஏ2 படிச்சிட்டிருக்கேன். அந்த மொழியில 'டேபிள்' ஆண்பால், 'விளக்கு' பெண்பால்... கொடுமை! போன வாரம் அப்பா வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுத்து வெச்சுட்டு, "எப்போடா பேங்க் போகணும்?"னார். "பி1 பாஸ் பண்ணிட்டுச் சொல்றேன்ப்பா"ன்னேன். அப்பா ஒண்ணும் சொல்லலை. அம்மாதான் பத்திரத்தை வாங்கி பீரோவுல வெச்சுப் பூட்டினாங்க.