கரும்பலகையில் ஓர் எல்லைக்கோடு

ஓசூருக்கு அருகில், கிறித்துவத் தொடக்கப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பிற்கு வரலாறு கற்பித்து வந்தேன். சிப்காட் ஆலைகளில் பணிபுரிவோரின் பிள்ளைகளே மிகுதி. வீட்டில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது எனப் பல மொழி பேசுவோர் காலை வழிபாட்டில் ஒரே வரிசையில் நிற்பர்.

ஒருநாள் மைசூர்ப் போர்களை விளக்கியபோது கரும்பலகையில் கோடொன்று வரைந்து, "இப்பக்கம் நாம், அப்பக்கம் அவர்கள்" என்றேன். இடைவேளையில் கன்னடம் பேசும் சிறுவன் ஒருவன் தனித்து அமர்ந்திருந்தான். "என்னை அப்பக்கம் போகச் சொல்கிறார்கள், ஐயா" என்றான்.

கேட்போரையும் உளப்படுத்துவதே 'நாம்' என இலக்கணம் கற்றவன் நான். கேட்டுக்கொண்டிருந்த ஒருவனை அச்சொல்லாலேயே விலக்கியிருந்தேன்.

மறுநாள் அக்கோட்டினை மீண்டும் வரைந்தேன். 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஓசூரோ 1799இல் திப்பு சுல்தான் வீழும்வரை மைசூரோடு இருந்தது. "அவ்வேழு ஆண்டுகளில் நம் ஊர் எப்பக்கம்?" என வினவினேன்.

"அப்பக்கம்!" என்றான் அச்சிறுவன், உரத்த குரலில்.

"அப்படியானால் நாம்தாம் அவர்களா, ஐயா?" என்றாள் ஒரு சிறுமி. வகுப்பறை சிரித்தது. நேற்றைய சொல் என் பிழை என்று பிள்ளைகளிடம் ஒப்புக்கொண்டு, கோட்டினை அழித்தேன்.

ஆண்டினைப் பிழையாகக் கற்பித்தால் மறுநாள் திருத்திவிடலாம். 'நாம்' என்னும் சொல்லில் பிழை நேர்ந்தாலோ, அதற்குள் ஒரு குழந்தை தனித்து அமர்ந்துவிடுகிறது.