நிலமும் பொழுதும்

காணும் கண் அனைவர்க்கும் உண்டு. கண்டதைக் காத்து வைக்கும் கருவியோ ஒரு காலத்தில் சிலர் கையில் மட்டுமே இருந்தது. இன்று மாணவர் சட்டைப் பையிலுள்ள கைப்பேசியே கேமராவாகத் திகழ்கிறது. கருவி பெருகிய அளவுக்குப் பார்வையும் பெருகிற்றா என்பது சிந்திக்கத்தக்க வினா. இலக்கண வகுப்புகளிலேயே காலம் கழித்து வந்த நமக்கு, நாற்பதை நெருங்கிய பருவத்தில் இயற்கைக் காட்சிகளை ஒளிப்படமாக்கும் ஆர்வம் பிறந்தது. அத்துறையின் வாயிற்படியில் நிற்கும் ஒருவரின் எண்ணங்களாகவே இக்கட்டுரையைக் கொள்ள வேண்டுகிறோம்.

'புகைப்படம்' என்பது மக்கள் வழக்கில் ஊன்றிவிட்ட சொல். எனினும் இக்கலைக்கு உயிராவது புகையன்று, ஒளியே. ஒளியின் இயல்பை ஆராய்ந்தோருள் முன் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று 11ஆம் நூற்றாண்டில் தம் 'கிதாபுல் மனாழிர்' நூலில் அவர் விளக்கினார். இருட்டறையின் சிறு துளை வழியே ஒளி புகும் முறையையும் ஆராய்ந்தார். பின்னர் பிரான்சு நாட்டு நீயெப்ஸ் 1826 அல்லது 1827இல் தம் வீட்டுச் சன்னல் வழியே எடுத்த காட்சியே, இன்று எஞ்சியுள்ள கேமராப் படங்களுள் மிகப் பழையது. அதில் மனித முகம் இல்லை. கூரையும் மரமும் வானமுமே உள்ளன. எஞ்சிய முதற்படமே ஒரு நிலக்காட்சி என்பது நமக்கு உவகை தந்த செய்தி.

நம் ஊர்ப்பக்கம் முத்துப்பேட்டையை அடுத்த கடற்கரைப் பகுதி. மலை இல்லை, அருவி இல்லை. வயலும் தென்னந்தோப்பும் உப்பங்கழியும் அலையாத்திக் காடுமே உள்ளன. 2016ஆம் ஆண்டு பழைய கேமரா ஒன்றை வாங்கியபோது, "இங்கே எடுப்பதற்கு என்ன இருக்கிறது? ஊட்டிக்குப் போங்கள்" என்றார் நண்பர் ஒருவர். அவ்வினாவுக்கு விடை தேடிய நமக்குக் கைகொடுத்தது தொல்காப்பியம்.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தார் தொல்காப்பியர். வகுப்பறையில் பல்லாண்டு நாம் கரும்பலகையில் எழுதிய இலக்கணம் அது. கேமராவுடன் கழிக்கரையில் நின்றபோதுதான் அதன் ஆழம் விளங்கிற்று. நிலம் மட்டும் காட்சியாவதில்லை. பொழுதும் சேர்ந்தால்தான் காட்சி. நண்பகலில் ஒளி உச்சியிலிருந்து விழுகிறது. நிழல் காலடியில் ஒடுங்குகிறது. மேடும் பள்ளமும் ஒன்றுபோல் தட்டையாகின்றன. கதிரவன் சாயும்போது அதே இடத்தில் நிழல் நீள்கிறது. சேற்றின் ஒவ்வொரு சுருக்கமும் வடிவு கொள்கிறது. மருதத்துக்கு வைகறையும் விடியலும், நெய்தலுக்கு எற்பாடும் என நம் முன்னோர் பொழுது குறித்தது கவிதைக்கு மட்டும் உரிய மரபு என்று இனி நம்மால் எண்ண இயலாது. நிலத்தை உற்று நோக்கியவர் கண்ட உண்மை அது.

கோரையாற்றில் படகேறிக் காயல் நோக்கிச் செல்வோர்க்கு இரு கரையிலும் அலையாத்தி மரங்கள் தோன்றும். தொலைவிலிருந்து நோக்கினால் அவை ஒரு பச்சைக் கோடு. படத்திலும் வெறும் கோடாகவே விழும். நீர் வடிந்த நேரத்தில் கரையருகே குனிந்து நோக்கினால், சேற்றிலிருந்து விரல்போல் நிமிர்ந்து நிற்கும் ஆயிரமாயிரம் மூச்சு வேர்கள் தென்படும். சேற்றில் காற்று கிடைக்காமையால் வேர் மேலெழுந்து மூச்சு வாங்கும் அமைப்பு அது. அவ்வேர்களை முன்னணியாக வைத்து, பின்னே நீரையும் மரத்தையும் வானத்தையும் அமைத்தால் தட்டை நிலமும் ஆழம் பெறும். அண்மையும் சேய்மையும் ஒருசேரத் தெளிவாக விழ வேண்டுமானால் லென்ஸின் துளையைச் சுருக்க வேண்டும். துளை சுருங்கினால் ஒளி குறையும். ஒளி குறைந்தால் ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். கை நடுங்காதிருக்க முக்காலி வேண்டும். ஒன்றைப் பெற ஒன்றை இழக்க வேண்டும் என்னும் வாழ்க்கைப் பாடத்தை இதனினும் எளிதாகக் கற்பிப்பார் எவர்?

இவ்வாறு அழகையே நாடிச் சென்ற நமக்கு வேறொரு பாடமும் காத்திருந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. விடிந்தபோது வட்டாரமெங்கும் தென்னைகள் சாய்ந்து கிடந்தன. அலையாத்திக் காடும் பெருஞ்சேதமுற்றது. நம் குடும்பத் தோப்பில் விரல்விட்டு எண்ணத்தக்க மரங்களே மிஞ்சின.

சில வாரம் கழித்து நம் தந்தையார், "தோப்பைப் படம் எடுத்தியே, அதைக் காட்டு" என்றார். விடியலில் ஓலைகளினூடே கதிர் பாயும் படத்தை எடுத்து நீட்டினோம். நண்பர்கள் பலர் பாராட்டிய படம் அது. ஒரு நொடி பார்த்துவிட்டு, "இது இல்லை, தோப்பு முழுக்கத் தெரியுமே, அது" என்றார். கேமராவைச் சோதிக்க வரப்பில் நின்று எடுத்த சாதாரணப் படம் ஒன்று இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு வரிசை வரிசையாக விரலால் எண்ணினார். ஒரு மூலையில் விரல் நின்றது. "இது உன் அம்மா வைத்த பிள்ளை" என்றார். "ஆமாம் அத்தா" என்பதற்குமேல் நமக்குச் சொல் எழவில்லை. எது நல்ல படம் என்ற வினாவுக்கு அன்று கிடைத்த விடையை எந்த நூலும் நமக்குத் தந்ததில்லை.

படம் நிலத்தைக் காத்த வரலாறும் உண்டு. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், சியரா நெவாடா மலைத்தொடரில் எடுத்த படங்களை 1938இல் நூலாக வெளியிட்டார். கிங்ஸ் கேன்யன் பள்ளத்தாக்கைத் தேசியப் பூங்காவாக்க வேண்டும் என வாதிட்டோர்க்கு அப்படங்கள் துணை நின்றன. 1940இல் பூங்கா அமைந்தது. அவர்தம் ஆற்றல் எங்கே, நம் தொடக்க முயற்சி எங்கே! எனினும் ஊர்தோறும் ஒருவர் செய்யத்தக்க பணி ஒன்று இதில் உண்டு.

மாணவச் செல்வங்களே! உங்கள் ஊர்க் குளத்தை, ஆற்றங்கரையை, ஆலமரத்தைப் படம் எடுங்கள். அழகிய பொழுதில் ஒன்று எடுங்கள்; முழு இடமும் தெரியுமாறு மற்றொன்றும் எடுங்கள். நாளும் இடமும் குறித்து வையுங்கள். மறு ஆண்டு அதே இடத்தில் நின்று மீண்டும் எடுங்கள். குளம் சுருங்குவதும் கரை நகர்வதும் ஒரு படத்தில் தெரிவதில்லை. பத்துப் படத்தில் தெரியும். ஊர் மன்றத்தில் பேச அவை சான்றாகும்.

2019இல் தந்தையார் மேற்பார்வையில் தோப்பில் மீண்டும் தென்னம்பிள்ளைகள் வைத்தோம். ஆண்டுதோறும் அதே வரப்பில் நின்று ஒரு படம் எடுத்து வருகிறோம். முதல் இரண்டு படங்களில் கன்றுகளுக்கிடையே அவரும் நிற்கிறார். அடுத்தடுத்த படங்களில் அவர் இல்லை; மரங்கள் உயர்ந்திருக்கின்றன. இவ்வாண்டுப் படத்தில் சில மரங்களில் பாளை தெரிகிறது.