ரிசல்ட் வரட்டும்

துவாக்குடி பஸ் அரியமங்கலம் வழியாகத்தான் போகும். சின்ன வயதில் அந்த பஸ்ஸில் இந்தியும் தெலுங்கும் பேசிக்கொண்டு நிற்கும் பையன்களை வேடிக்கை பார்ப்போம். என்.ஐ.டி. மாணவர்கள். எங்களுக்கு அரைமணி நேரத் தொலைவிலிருந்த கல்லூரிதான் அவர்களுக்கு வெளிமாநிலக் கல்லூரி. அங்கே பாதி இடம் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு, மீதி மற்ற மாநிலத்தவருக்கு. அதே கணக்கில் வாரங்கலிலும் சூரத்கல்லிலும் நமக்கும் இடம் உண்டு என்று எங்கள் தெருவில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

நான் ப்ளஸ் டூ முடித்தது 2007-இல். மாநில நுழைவுத்தேர்வு இல்லாமல் பொறியியல் சேர்க்கை நடந்த முதல் வருஷம். மார்க் வரும், 200-க்குக் கட்-ஆஃப் கணக்குப் போடுவோம், கவுன்சிலிங் போவோம். எல்லாமே ரிசல்ட்டுக்கு அப்புறம். இன்றைக்கும் எங்கள் பக்கத்து வீடுகளில் மேல்படிப்பு என்பது மே மாதத்தில்தான் தொடங்குகிறது.

2025 பிப்ரவரி கடைசியில் அக்கா மகள் போன் பண்ணினாள். "மாமா, ஹைதராபாத் சென்ட்ரல் யுனிவர்சிட்டில அஞ்சு வருஷ பிசிக்ஸ் இருக்கு. எப்ப அப்ளை பண்ணணும்?"

பின்னாலிருந்து அக்காவின் குரல்: "மொதல்ல ரிசல்ட் வரட்டும்டா. மார்க்கப் பாத்துட்டு யோசிப்போம்."

தமிழ்நாட்டுக்குள் அக்கா சொல்வது சரி. அந்த வருஷம் பொறியியல் கவுன்சிலிங்குக்குப் பதிவு தொடங்கியதே மே 7-ஆம் தேதி. ஆனால் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்வுக்கு விண்ணப்பம் மார்ச் 1-இல் ஆரம்பித்து, நீட்டிப்பெல்லாம் சேர்த்து 24-இல் முடிந்தது. நம் ப்ளஸ் டூ பரீட்சை மார்ச் 3 முதல் 25 வரை. பிள்ளை வேதியியல் சமன்பாடு எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிற அதே மூன்று வாரம்தான். ஜே.இ.இ. இன்னும் மோசம், முதல் சுற்று விண்ணப்பம் முந்தைய நவம்பரிலேயே முடிந்துவிட்டது. இந்தத் தேதிகள் தெரிந்த ஓர் அண்ணனோ சித்தப்பாவோ வீட்டில் இருந்தால்தான் பிள்ளைகள் வெளியே போகிறார்கள். மார்க்கெல்லாம் அதற்கப்புறம்.

க்யூட் வேண்டாமென்று 2022 ஏப்ரல் 11 அன்று நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் தீர்மானத்தைக் காட்டிக் கடைசித் தேதியைத் தள்ளிவைக்க முடியாதே.

நான் தேதியைச் சொன்னேன். அக்கா அப்போதும் அதையேதான் சொன்னாள். தேதி தெரியாமல் சொல்லவில்லை என்று எனக்குப் புரிய ரெண்டு நாள் ஆனது. ஹைதராபாத் தூரம். பெண்பிள்ளை. அத்தானின் லாரி பட்டறை வருமானத்தில் ஹாஸ்டல். இங்கே கவுன்சிலிங்கில் பொறியியல் சேர்ந்தால் முதல் பட்டதாரி சலுகையில் டியூஷன் கட்டணம் கழியும். எல்லை தாண்டினால் அது கிடையாது. இத்தனையும் நியாயமான காரணங்கள். ஆனால் மகளின் முகத்தைப் பார்த்து "வேணாம்" என்று சொல்ல அக்காவால் முடியாது. மார்ச் 24 கடந்துவிட்டால் யாரும் சொல்லவே வேண்டியதில்லை, தேதியே சொல்லிவிடும்.

அடுத்த போனில் சுற்றிவளைக்காமல் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சீட்டு வந்தப்புறம் எப்படிடா போகாதேன்னு சொல்றது?" என்றாள்.

இதற்கு என்னிடம் நல்ல பதில் எதுவும் இல்லை. ஃபார்முக்கு ஆயிரம் ரூபாய்க்குள்தான் ஆகும், போட்டு வைப்போம், போகிறதா இல்லையா என்பதை அப்புறம் உட்கார்ந்து பேசலாம் என்றேன். பாதி உண்மைதான் அது. ஃபார்ம் போட்டவுடன் பிள்ளைக்கு ஆசையும் கூடிவிடும், பொதுத்தேர்வு நடுவில் இன்னொரு பாடச்சுமையும் ஏறும். அதையும் சொன்னேன். முடிவு செய்தவர் அத்தான். "கேட்டுட்டா, போட்டு விட்ரு" என்றார்.

கணிதப் பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவளும் நானும் போனில் பேசிக்கொண்டே விண்ணப்பத்தை நிரப்பினோம். பிரிவு என்ற இடத்தில் நின்றுவிட்டாள். வீட்டில் லேமினேட் செய்து வைத்திருந்த பி.சி. சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசு வடிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும், அதுவும் சேர்க்கை நேரத்தில் காட்ட ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக. ஏப்ரலில் ரெண்டு நாள் பட்டறையை மூடிவிட்டு அத்தான் இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைந்தார்.

மே 8 ரிசல்ட். 13-ஆம் தேதி க்யூட் தொடங்கியது. நடுவில் பொறியியல் கவுன்சிலிங்குக்கும் பதிவு செய்தாகிவிட்டது. தேர்வு முடிந்த அன்று ராத்திரி அக்கா கூப்பிட்டாள். "ஹைதராபாத்துக்கு நம்ம ஊர்லேர்ந்து நேரா ரயில் இருக்காடா?"