கைதட்டலுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு

பிழைப்பைத் தேடி நகரங்களுக்கு வந்த நம்முடைய குடும்பங்களின் பிள்ளைகள் இந்நாட்களில் ரோபோ போட்டிகளிலும் பங்குபெறுகிறார்கள். பள்ளியிலிருந்து அழைப்பு வந்ததும் தகப்பன் விடுப்பு எடுக்கிறார். தாய் சோறு கட்டுகிறார். குடும்பமாகவே அரங்கத்துக்குப் புறப்படுகிறார்கள். இது நல்லதே. ஆயினும் கிரிக்கெட் மைதானத்தில் கூவுவதைப் போலவே அங்கும் கூவலாமா என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

டீன் கேமன் என்னும் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் 1989-ல் ‘ஃபர்ஸ்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். 1992-ல் அதன் முதல் போட்டி 28 அணிகளுடன் ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. இன்று நம் தேசத்திலும் அதன் போட்டிகள் நடைபெறுகின்றன. எம்.ஐ.டி. பேராசிரியர் உட்டி ஃபிளவர்ஸ் (1943–2019) அதற்கு ஒரு நெறியைத் தந்தார்: முழுப் பலத்தோடு போட்டியிடு, அதே வேளையில் எதிரணியை மதி, இயன்றால் அதற்கு உதவியும் செய். ‘கிரேஷியஸ் புரொஃபஷனலிசம்’ என்று அதற்குப் பெயர். களத்தில் நிற்கும் பிள்ளைகளுக்கு மாத்திரமல்ல, காண வந்த நமக்கும் அது உரியது.

‘ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச்’ ஆட்டத்தில் சிவப்பு, நீலம் என இரு கூட்டணிகள். ஒவ்வொன்றிலும் 2 அணிகள். தகுதிச் சுற்றில் ஆட்டத்துக்கு ஆட்டம் கூட்டணி மாறும். இப்பொழுது எதிரே நிற்கும் பிள்ளை அடுத்த ஆட்டத்தில் நம் பிள்ளையின் பக்கத்தில் நிற்கக்கூடும். அப்படியிருக்க, யாரை நாம் ஏளனம் செய்வது?

முதல் 30 விநாடி ரோபோ தானே இயங்கும். அடுத்த 2 நிமிடம் பிள்ளைகள் அதை இயக்குவார்கள். அப்பொழுது ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழ வேண்டும். விசிலும் ஊதுகுழலும் தரையை மிதிக்கும் ஓசையும் அதைக் கெடுக்கும். “இடப்பக்கம் திருப்பு” என்று மேலிருந்து கத்தும் தகப்பனுடைய குரலோ எல்லாவற்றையும்விட அதிகமாய்க் குழப்பும். ரோபோக்கள் வைஃபை வழியே கட்டளை பெறுவதால் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடுங்கள். வண்ணமறியும் சென்சார்களும் கேமராக்களும் தடுமாறாதபடி ஃபிளாஷ் இன்றிப் படமெடுங்கள். வராதவர்களுக்காகத் துண்டு போட்டு இடம் பிடிக்காதீர்கள்.

இத்தகைய போட்டி ஒன்றில் நான் கண்டதைச் சொல்லுகிறேன். ஓர் அணியின் ரோபோ களத்தின் நடுவே அசையாமல் நின்றுவிட்டது. சிலர் நகைத்தார்கள். பல மாத உழைப்பு ஒரு கம்பி கழன்றதால் வீணானதை எண்ணி அந்தச் சிறுமி தலைகுனிந்தாள். எனக்கு முன்வரிசையிலிருந்த தமிழ்த் தாய் ஒருவர், ஒலிபெருக்கியில் சொல்லப்பட்ட ஆங்கிலம் விளங்காதவர், எழுந்து நின்று கைதட்டினார். “உங்கள் மகளா அம்மா?” என்றேன். “இல்லை ஐயா, யார் பெற்றதோ. அழுகிற மாதிரி நிற்கிறதே!” என்றார். சிறிது நேரத்தில் அந்த வரிசை முழுவதும் கைதட்டியது. சிறுமி நிமிர்ந்து பார்த்தாள்.

விதிகளை அறியாத அந்தத் தாய் விதிகளின் உட்பொருளை அறிந்திருந்தார் அல்லவா?

பெற்றோரே, வெற்றியோ தோல்வியோ, வீடு திரும்பும் வழியில் “எத்தனையாவது இடம்?” என்று முதலாவது கேளாதிருங்கள். “இன்று யாருக்கு உதவினாய்? உனக்கு உதவியது யார்?” என்று கேளுங்கள். பரிசுக் கோப்பை ஒரு சிலருக்கே கிடைக்கும். இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பாக்கியமோ ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்டு.